கம்பிச்சடக்கில் நான்கு நாள்

முதல் நாள்: தஞ்சோங் பகார் முதல் புவன விஸ்தா வரை

சிங்கப்பூரின் பழைய ரயில்பாதையில் என் நான்கு நாள் பயணத்தை ஒரு வேலிக்கு வெளியே நின்றுதான் தொடங்க வேண்டியிருந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குள் யாரும் போக முடியவில்லை. பெருவிரைவு ரயிலின் வட்டப் பாதைக்கான கேண்டன்மென்ட் நிலையத்தை அதன் அடியில் கட்டுவதற்காக 2016 கடைசியில் மூடினார்கள். நாங்கள் போன 2024 ஜூனிலும் வேலி அப்படியே இருந்தது. கெப்பல் சாலையில் நின்று கழுத்தை நீட்டினால் முகப்பு மட்டும் தெரிகிறது. விவசாயம், வணிகம், தொழில், போக்குவரத்து என்று நான்கு வெள்ளைப் பளிங்கு உருவங்கள். கூடவே எஃப், எம், எஸ், ஆர் என்று நான்கு எழுத்துகள். மலாய் கூட்டு மாநில ரயில்வே என்பதன் சுருக்கம் அது.

"அக்கா, உள்ளேயே போக முடியாத ஸ்டேஷனுக்கு எதுக்கு வந்தோம்?" என்றான் தம்பி. பள்ளி விடுமுறையில் அவன் பிள்ளைகளைச் சமாளிப்பதிலிருந்து தப்பிக்கத்தான் என்னோடு வந்திருக்கிறான். அது அவன் மனைவிக்கும் தெரியும்.

இந்த நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தானே எஞ்சினில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். நானும் அன்று கூட்டத்தில் இருந்தேன். வரலாற்றுச் சம்பவத்தை நேரில் பார்த்தவள் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வேன். உண்மையில் நான் பார்த்தது முன்னால் நின்ற ஒரு உயரமான ஆளின் முதுகை.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் தெற்கு முனையிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை, தீவைக் கிழித்துக்கொண்டு போன 24 கிலோமீட்டர் ரயில்பாதை இது. நாடு சிங்கப்பூர். ஆனால் தண்டவாளமும் அதன் இரு பக்கத்து நிலமும் மலேசிய ரயில்வேயுடையது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிக் கொடுத்தது, அதில் 999 வருடக் குத்தகை நிலமும் உண்டு. இரண்டு நாடுகளும் பிரிந்த பிறகும் நிலம் பிரியவில்லை. 1990இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்பதிலேயே அடுத்த 20 வருடம் இழுபறி. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியாவின் சாவடி தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆக, ரயில் ஏறும்போதே மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டதாகக் கணக்கு. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து உட்லண்ட்ஸில்தான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதாகக் கணக்கு. நடுவில் நாம் எங்கே இருந்தோம் என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

2010இல் பேச்சு முடிந்தது. ரயில் நிலத்துக்குப் பதிலாக மரினா சவுத்திலும் ஓஃபிர் – ரோச்சோரிலும் ஆறு மனைகள். 2011 ஜூலை 1 அன்று பாதை சிங்கப்பூர் கைக்கு வந்தது. எனக்கு இதில் ஒரு எண்ணம் உண்டு, நடக்க நடக்க அது உறுதிப்படுகிறதா என்று பார்க்கத்தான் இந்த நான்கு நாள். சதுர அடிக்குக் கணக்குப் பார்க்கும் இந்த ஊரில் இவ்வளவு நீளத்துக்குக் காடு பிழைத்தது யாருடைய தொலைநோக்காலும் இல்லை. அது அடுத்த வீட்டுக்காரர் நிலமாக இருந்தது, அதனால் யாரும் கை வைக்கவில்லை. சண்டை சீக்கிரம் தீர்ந்திருந்தால் இன்று நான் ஏதாவது ஒரு கூட்டுரிமை வீட்டின் நீச்சல்குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிருப்பேன்.

நடக்கும் பாதை ஸ்பூனர் சாலையில்தான் ஆரம்பம். அங்கே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன: கெமுனிங், மெலாத்தி. இரண்டும் மலாய் மொழியில் பூப் பெயர்கள். ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டியவை. என் பெரியப்பா குடும்பம் இங்கே இருந்தது. சின்ன வயதில் தீபாவளிக்கு வந்தால் பலகாரத் தட்டோடு ஜன்னலில் உட்கார்ந்துகொள்வோம். கீழே எஞ்சின் பின்னுக்கு வந்து பெட்டியை இடிக்கும் சத்தத்துக்குத் தட்டிலிருக்கும் முறுக்கு ஆடும்.

இறங்கி நடந்தோம். முதல் ஒரு கிலோமீட்டர் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கம் விரைவுச்சாலை இரைச்சல், வலப்பக்கம் புல். பிறகு அலெக்சாண்ட்ரா பக்கம் வந்ததும் கால் ஒன்றைக் கவனிக்கிறது: ஏற்றமே இல்லை. ரயிலுக்கு மேடு ஆகாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். ஒன்று இரு பக்கமும் கரை உயர்ந்த வாய்க்காலுக்குள் நடப்பதுபோல் இருக்கிறது, இல்லையென்றால் வரப்பின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது. எஞ்சினுக்கு மூச்சு வாங்காமல் இருக்கச் செய்த வேலை, 46 வயது முழங்காலுக்கும் உதவுகிறது.

மலாயாத் தமிழர் இதைக் கம்பிச்சடக்கு என்போம். சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை. இப்போது கம்பி இல்லை, வெறும் சடக்கு. கம்பிகளை 2011இலேயே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், ஜூலை 1 முதல் 17 வரை பாதை முழுவதையும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் நான் இருமல் சளியோடு வீட்டில் கிடந்தேன். அந்த வருத்தமும் இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம்.

ஓரங்களில் யாரோ நட்ட வாழை, பப்பாளி, மரவள்ளி. சட்டப்படி இவற்றை நட அனுமதி உண்டா என்று நான் விசாரிக்கவில்லை, வாழைக்காய் நன்றாக முற்றியிருந்தது. ஹாங் ஜெபாட் பள்ளிவாசலைத் தாண்டி, மதியம் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். பாதையிலிருந்து விலகிச் சில நிமிட நடை. இந்தக் கோயிலே ரயில் பிள்ளைதான். 1932இல் புதிய தண்டவாளம் இந்த வழியாகத் திரும்பியது. அதே வருடம் ரயில்வே வேலையாட்கள் பாதையோரம் ஒரு சின்னக் கொட்டகையில் முனியாண்டியைக் கும்பிடத் தொடங்கினார்கள். 1998இல் இப்போதைய இடத்தில் குடமுழுக்கு. இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தண்டவாளம் பார்க்கப் போகிறவனுக்கு வேறு எந்தச் சாமி துணைக்கு வரும்? எல்லைக்கு எல்லை நிற்பவர்தானே வர வேண்டும்.

என் தாத்தாவும் அப்படி விளக்குப் பிடித்தவர்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து, தண்டவாள கேங்கில் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இங்கிலீஷ் படித்திருந்ததால் ஸ்டேஷன் மாஸ்டரும் கிராணி எனப்படும் குமாஸ்தாவுமாக ஆனார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவர்களுக்குச் சம்மட்டியும் கடப்பாரையும். ஒரே ரயில்வே, ஒரே மொழி, ஆனால் தாத்தா கடைசிவரை ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை என்று அப்பா சொல்வார்.

டாங்ளின் ஹால்ட் வழியாகப் புவன விஸ்தா. ஹால்ட் என்றால் ரயில் நிற்கும் சின்ன நிறுத்தம். நிறுத்தம் போய்விட்டது. அதன் பெயரில் எழுந்த பழைய பத்து மாடி வீடுகளில் இருந்தவர்களும் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. இடது குதிகாலில் கொப்புளம். இன்றைக்குப் போதும்.

இரண்டாம் நாள்: புவன விஸ்தா முதல் புக்கிட் தீமா நிலையம் வரை

காலை ஆறரைக்கு வந்து இறங்கினோம், ஏழு மணிக்குச் சுமத்ரா வந்தது. தெரியாதவர்களுக்கு: சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி நீரிணையைத் தாண்டி வரும் காற்றுமழை அது. முதலில் இலைகள் எல்லாம் வெள்ளையாகத் திரும்பும், பிறகு ஒரு குளிர்ந்த காற்று, பிறகு வாளியைக் கவிழ்த்ததுபோல் மழை. ரயில் மேம்பாலத்துக்கு அடியில் ஓடி நின்றோம். தலைக்கு மேலே பெருவிரைவு ரயில் போய்க்கொண்டிருந்தது. உயிரோடிருக்கும் ரயிலுக்குக் கீழே செத்துப்போன ரயிலின் பாதையில் ஒதுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். தூண்களிலும் சுவர்களிலும் வண்ண வண்ணமாகச் சுவரோவியம். ஒதுங்கிய ஒரு சீனக் கிழவர் எங்களைப் பார்த்து, "மழை நிக்காது, ரயில்தான் நின்னுபோச்சு" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். மழை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மூன்று நான்கு கிலோமீட்டரில்தான் இந்தப் பாதை எனக்குப் பிடித்துப்போனது. மழையில் நனைந்த மண், இரு பக்கமும் அல்பீசியா மரங்கள் குடை பிடிக்க, நடுவில் நேராக ஒரு பச்சைக் குழாய். 200 மீட்டர் தள்ளி ஹாலந்து சாலையில் கார்கள் நெரிந்துகொண்டிருக்கும், இங்கே கேட்பது தவளைச் சத்தம். ஒரு உடும்பு பாதையின் குறுக்கே, நாங்கள் காத்திருப்போம் என்ற நம்பிக்கையோடு, மெதுவாகக் கடந்துபோனது. காத்திருந்தோம்.

கிளமெண்டி பக்கம் போகும் கிளைப்பாதை ஒன்று உண்டு. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்டு, 1990களில் கைவிட்டது. அதன் துருப்பிடித்த துண்டுகளும் ஒரு சுரங்க வழியும் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. போகலாமா என்று தம்பி கேட்டான். குதிகால் கொப்புளம் வேண்டாம் என்றது.

புக்கிட் தீமா நிலையத்தில் பெரியப்பா காத்திருந்தார். அவருக்கு 80 வயது. டாக்சியில் வந்து இறங்கி, சிவப்புச் செங்கல் கட்டடத்தின் நடைமேடையில், நாங்கள் நேற்றே வந்திருக்க வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாப்பா லேட்டு?"

"மழை பெரியப்பா."

"மழைக்கெல்லாம் நாங்க லேட்டு பண்ணினா ரயிலு கவுந்திருக்கும்."

1932இல் கட்டிய சின்ன நிலையம். தஞ்சோங் பகாரின் பளிங்கும் படாடோபமும் இங்கே இல்லை. இங்கிலாந்துக் கிராமத்து ஸ்டேஷன் ஒன்றை யாரோ வாழைத்தோப்புக்குள் இறக்கிவைத்ததுபோல் இருக்கும். 2022 ஜூலையில் புதுப்பித்துத் திறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஊழியர் குடியிருப்பு இப்போது கஃபே. பெரியப்பா விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, தான் முதல் மாதம் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிடத் தொடங்கினார். நான் அவரை நடைமேடைக்கு இழுத்து வந்தேன்.

இங்கே தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். மீட்டர்கேஜ், இரண்டு கம்பிக்கும் நடுவே ஒரே ஒரு மீட்டர். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் ஓடியதும் இதே அகலத்தில்தான். இங்கே பாதை இரண்டாகப் பிரிந்து, ஒரு ரயில் ஒதுங்கி நிற்க மற்றொன்று தாண்டிப் போகும். காரணம், முழுப் பாதையும் ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆவது?

இதைத்தான் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் தன் வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல் எழுந்து நின்றார்.

"டோக்கன். டோக்கன் கையில இல்லாம டிரைவர் ஒரு அடி நகர்த்த மாட்டான்." கையால் காற்றில் ஒரு பெரிய வளையம் வரைந்தார். அந்த வளையத்தில் தோல் பை. பைக்குள் உலோகத்தில் ஒரு சாவி போன்ற டோக்கன். இரண்டு நிலையங்களுக்கும் ஆளுக்கொரு இயந்திரம், கம்பியால் இணைத்தது. அந்த நிலையம் சம்மதம் கொடுத்தால்தான் இந்த நிலையத்து இயந்திரம் டோக்கனை வெளியே விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்ப உள்ளே போகும்வரை அடுத்தது வராது. ஆக, அந்தத் துண்டுப் பாதைக்குள் எந்த நேரமும் ஒரே ரயில். மனிதன் மறந்தாலும் இயந்திரம் மறக்காது.

நிற்காத வண்டி என்றால் இன்னும் வேடிக்கை. ஊழியர் நடைமேடை ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, பழைய வளையத்தைக் கீழே போட்டு, புதியதைக் கையை விட்டு வாரிக்கொண்டு போவார்.

"நான் இங்க நிப்பேன்," என்று ஒரு இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். "கை நேரா இருக்கணும். பயந்து பின்னால இழுத்தா தோளு போயிரும்."

"உங்களுக்குப் போச்சா?"

"ஒருதடவ." வலது தோளைத் தடவிக்கொண்டார். அந்தத் தோள் வலியை நாங்கள் இவ்வளவு வருடம் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தோம்.

செயற்கைக்கோளிலிருந்து கார் எங்கே போகிறது என்று பார்க்கும் ஊரில், 2011 வரை ரயில்கள் இந்த வளையத்தை நம்பித்தான் போய்வந்தன. எனக்கு அது பின்தங்கியதாகத் தோன்றவில்லை. ஆளும் பொருளும் சேர்ந்தால்தான் வழி என்ற ஏற்பாட்டில் ஒரு மரியாதை இருக்கிறது.

சைக்கிளில் வந்த இரண்டு சீனப் பிள்ளைகள் படம் எடுக்க நின்றார்கள். பெரியப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்ல வந்தவர்கள், அவர் யார் என்று தம்பி சொன்னதும் அவரையே நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் கையைத் தூக்கி, இல்லாத வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள்: புக்கிட் தீமா முதல் கிராஞ்சி வரை, சைக்கிளில்

கொப்புளத்துக்கு மருந்து, சைக்கிள். வாடகைக்கு எடுத்தது. எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம், பிரேக் பிடித்தால் ஆடு கத்துவதுபோல் சத்தம். பாதையில் நடப்பவர்களுக்கு நான் மணி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நிலையத்தைவிட்டுக் கிளம்பியதுமே முதல் இரும்புப் பாலம். புக்கிட் தீமா சாலை, கால்வாய், டன்னர்ன் சாலை மூன்றையும் ஒரே தாண்டாகத் தாண்டுகிறது. இரு பக்கமும் முக்கோண முக்கோணமாக இரும்புச் சட்டம். சிறு வயதில் கீழே பேருந்தில் போகும்போது மேலே ரயில் போனால் அதிர்ஷ்டம் என்று நம்புவோம். பரீட்சை நாளில் ஒருமுறை பார்த்தேன், கணக்கில் தோற்றேன். இன்று பாலத்தின் மேல் நின்று கீழே போகும் பேருந்தைப் பார்த்தேன். கல்யாண உடையில் ஒரு ஜோடி போட்டோ எடுக்க வரிசையில் நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி.

அப்புறம் காடு. வலப்பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனம், 163 மீட்டர் உயரத்தோடு இந்தத் தீவின் மிக உயரமான குன்று. சிரிக்காதீர்கள், எங்களுக்கு அதுதான் மலை. புக்கிட் தீமா நிலையத்திலிருந்து ஹில்வியூ வரையான இந்த 4 கிலோமீட்டரைத்தான் 2021 மார்ச்சில் சீரமைத்துத் திறந்தார்கள். சைக்கிள் சக்கரத்துக்கு இதமான, நீர் வடியும் இறுகிய மண். நிழல் அடர்த்தி. இங்கேதான் என் நாசி லெமாக், அதாவது நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோறு, போனது. கைப்பிடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தேன். தண்ணீர் குடிக்க நிறுத்திய நொடியில் ஒரு நீண்டவால் குரங்கு வந்து, அவசரமே இல்லாமல், பையின் முடிச்சை அவிழ்த்து, பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. பையை விட்டுவிட்டது. குரங்குக்குத் தீனி போட்டால் இங்கே அபராதம். நான் போடவில்லை என்பதற்குத் தம்பி சாட்சி, அவன் சிரித்து முடித்த பிறகு.

"நெத்திலிய மட்டும் பொறுக்கித் திங்குதுக்கா!"

ரயில் மால் கடைவரிசைக்கு அருகே இரண்டாவது இரும்புப் பாலம். அங்கேயே இறங்கி பரோட்டாவும் தே தாரே என்ற ஆற்றிய பால் டீயும். பிறகு பக்கத்தில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போனேன். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தது இந்தக் கட்டடத்தில்தான். இப்போது அருங்காட்சியகம். தம்பி வெளியே சைக்கிள்களோடு நின்றான். அவன் இதற்குள் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசாத ஒரு ஆள் உண்டு. தாத்தாவின் தம்பி. ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஜப்பான்காரன் சயாமில், அதாவது தாய்லாந்தில், மரண ரயில்பாதை போட ஆள் எடுத்தபோது ரயிலேறினார். சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளை ஏற்றிப்போனதும் நான் மூன்று நாளாகச் சுற்றும் இந்தப் பாதையில்தான். இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, தஞ்சோங் பகாரிலிருந்து தாய்லாந்தின் பான் போங் வரை. அவர்களுடைய நாட்குறிப்புகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, கல்லறைகளில் பெயர்கள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய கல் எத்தனை பேருக்கு இருக்கிறது? தாத்தாவின் தம்பி போனது தண்டவாளம் போட. தண்டவாளத்தைப் பராமரித்த தாத்தா கடைசிவரை வடக்கே போன ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்பா ஒரே ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான் எங்களிடம் இருக்கிறது. அவருடைய படம்கூட இல்லை.

வெளியே வந்ததும் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். ஏறி மிதித்தோம்.

ஹில்வியூவுக்கு அப்பால் பாதை நிறம் மாறுகிறது. மரநிழல் குறைந்து வெயில். புக்கிட் பாஞ்சாங் வந்ததும் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடிக் கட்டடங்கள் இரு பக்கமும் நெருங்கி வருகின்றன. ஜோகிங் போகிறவர்கள், மார்க்கெட் வண்டி இழுக்கும் பாட்டிகள், நாயை நடத்துகிறவர்கள் என்று இங்கே இது சுற்றுலாப் பாதை இல்லை, தெரு. பழைய ஆட்களுக்கு இது பத்தாங்கட்டை. நகரத்திலிருந்து பத்தாவது மைல்கல். சுவா சூ காங் சாலையை ரயில் தரையிலேயே வெட்டிப்போன கடவு இங்கே இருந்தது. கதவைச் சாத்தினால் பேருந்து, லாரி, சைக்கிள் எல்லாம் நிற்கும். சிங்கப்பூரில் ஒரு பிரதமரின் காரைக்கூட மலேசிய ரயிலின் கேட் நிறுத்த முடிந்தது என்று பெரியப்பா சொல்வார். நிறுத்தினார்களா என்று கேட்டால் பதில் வராது.

மீதியை வேகமாகவே ஓட்டினோம். வெயில், கால்வாய், புல், மண்டாய் பக்கத்தில் தொழிற்கூடங்கள், மறுபடி புல். இந்த வடபகுதியை 2023இல்தான் திறந்தார்கள். மரங்கள் இன்னும் சின்னவை, நிழல் தர ஐந்தாறு வருடம் ஆகும். மத்தியானம் இரண்டு மணிக்கு இதில் சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம். கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு எதிரே வந்து இறங்கியபோது தம்பியின் முகம் இறால் நிறம். ஸ்பூனர் சாலையிலிருந்து இதுவரை 21 கிலோமீட்டர்.

நான்காம் நாள்: கிராஞ்சி, ஜொகூர் பாரு, உட்லண்ட்ஸ்

எல்லையைத் தொடாமல் எப்படி முடிப்பது என்று நேற்று இரவெல்லாம் யோசித்தேன். காலையில் கிராஞ்சிக்கு வந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறிவிட்டேன். தம்பி வரவில்லை, முதுகெல்லாம் எரிகிறதாம்.

கடற்பாலத்தில் வழக்கமான நெரிசல். 1923இல் இதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியது, 1924 ஜூனில் முறையாகத் திறந்தார்கள். அதற்கு முன்னால் தண்ணீரைத் தாண்டப் படகுதான். அதற்கும் முன்னால், 1903இல் போட்ட முதல் பாதை நகரத்தில் டேங்க் ரோட்டில், நம் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே சாலையில் தொடங்கியது. நான் நடந்தது 1932இல் மாற்றிப்போட்ட வழி. பாதைகளும் நம்மைப்போலத்தான், அடிக்கடி வீடு மாறியிருக்கின்றன.

ஜொகூர் பாருவில் வேலை ஒன்றுமில்லை. வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன், அம்மாவுக்குக் கருவாடு வாங்கினேன். நான் போனது திரும்பி வருவதற்காக. ஏனென்றால் அங்கிருந்து உட்லண்ட்ஸுக்கு இன்னமும் ஒரு ரயில் வருகிறது. ஷட்டில் தெப்ராவ் என்று பெயர். 2011க்குப் பிறகு ரயில் உட்லண்ட்ஸோடு நின்றது, 2015 ஜூலையிலிருந்து இந்தச் சின்ன வண்டி மட்டும் கடற்பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறது. ஐந்து ரிங்கிட், ஐந்து நிமிடம். சிங்கப்பூரிலிருந்து போனால் அதே ஐந்து, ஆனால் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கிவைத்திருந்தேன். இந்த நான்கு நாள் திட்டமே அந்த டிக்கெட்டின் தேதியை வைத்துப் போட்டதுதான். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை.

பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் எல்லாரும் போனை எடுத்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள், ஷாப்பிங் பைகள், தூங்கும் குழந்தை. குலுக்கலோடு வண்டி நகர்ந்தது. அந்தக் குலுக்கல்! மூன்று நாளாக என் காலுக்கும் சக்கரத்துக்கும் கீழே இல்லாமல் போன ஒன்று, இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கிடந்தது, பக்கத்தில் நெரிசலில் நிற்கும் லாரிகளை நாங்கள் தாண்டிக்கொண்டிருந்தோம். ஒரு லாரி, இரண்டு லாரி, ஒன்பது எண்ணினேன். கரை வந்துவிட்டது. பிரேக் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

2026 கடைசியில் இரு கரையையும் இணைக்கும் புதிய விரைவு ரயில் வரப்போவதாகச் சொல்கிறார்கள். அது வந்தபிறகு இந்த வண்டி இருக்காது.

குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டே பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"பெரியப்பா, ரயில்ல வந்தேன். ஜேபிலேருந்து."

"எஞ்சின் என்ன நம்பரு?"

"பாக்கலையே பெரியப்பா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"டீசல்தானே? அதாவது பாத்தியா?"

வரிசை நகர்ந்தது. கடப்பிதழைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். கருவாட்டு வாசனை கை முழுக்க ஒட்டிக்கொண்டது.